கிண்ணமும் கிழங்கும் முகிலும்

அரூப ஒளிப்படம் பிறந்த இடத்தைத் தேடிப் போனால் ஒரு குசினியில்தான் போய் நிற்க வேண்டும். குசினி அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ட்வின் லேக்ஸ் என்ற ஏரிக்கரை வீட்டில் இருந்தது. 1916 ஆம் ஆண்டுக் கோடையில் அங்கே தங்கியிருந்த போல் ஸ்ட்ராண்டுக்கு 25 வயது. ஏரிக்கரையில் இருந்துகொண்டு அவர் கமராவைத் திருப்பியது சாப்பாட்டுக் கிண்ணங்களின் பக்கம். கிண்ணங்களை நெருக்கி வைத்து, விளிம்புக்கு மிகக் கிட்டப் போய் எடுத்தார். படத்துக்குள் கிண்ணம் என்று எடுத்துக் காட்ட ஒன்றும் முழுதாக இல்லை. ஒரு வளைவு, அந்த வளைவின் வயிற்றில் இன்னொரு வளைவின் நிழல், நடுவில் வெளிச்சம் தேங்கிய ஒரு பிறை. இவ்வளவுதான்.

பிறகு விறாந்தைக்கு வந்தார். வட்ட மேசையொன்றைச் சரித்து, கைபிடிச் சட்டங்களின் நிழல் அதன்மேல் வரிவரியாக விழ விட்டார். எடுத்த படத்தை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் திருப்பினார். மேசை எது, தரை எது என்ற பிடி கழன்றுபோய், கறுப்புப் பட்டைகளும் வெள்ளைத் துண்டங்களும் மட்டும் மிஞ்சின. இருட்டறை வித்தை எதுவும் இதில் இல்லை. பொருளுக்குக் கிட்டப் போனதும் படத்தைத் திருப்பியதும்தான் அவர் செய்த வேலை.

ஏன் செய்தார் என்பதற்கும் காரணம் இருக்கிறது. நியூயோர்க்கில் ஐந்தாம் அவெனியூ 291 ஆம் இலக்கத்தில் அல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் ஒரு சின்னக் காட்சிக்கூடம் நடத்தி வந்தார். பிக்காசோ, பிராக் போன்றவர்களின் ஓவியங்களை ஸ்ட்ராண்ட் அங்கே பார்த்தார். 1913 இல் நடந்த பெரிய ஆர்மரி கண்காட்சியையும் பார்த்தார். அந்த ஓவியங்கள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று அறிய ஆசை; கமராவைக் கொண்டே அதைப் படித்துப் பார்த்தார். மாணவன் கொப்பியில் கணக்குச் செய்து பார்ப்பது போன்ற பயிற்சிதான். ஆனால் ஸ்டீக்லிட்ஸ் அதைப் பயிற்சியாக விட்டுவிடவில்லை. தன்னுடைய ‘கமரா வேர்க்’ இதழின் கடைசி வெளியீட்டை, 1917 ஜூனில், முழுக்க ஸ்ட்ராண்டுக்கே கொடுத்தார். அப்போது இதழுக்குச் சந்தாதாரர் 40 பேரும் இல்லை. கலையின் பெரிய திருப்பங்கள் பலவும் இப்படி வெறும் வாங்குகளுக்கு முன்னால்தான் நடக்கின்றன.

அதே பருவத்தில் லண்டனில் அல்வின் லாங்டன் கோபர்ன் மூன்று கண்ணாடிகளை முக்கோணமாகப் பிணைத்து, அதனூடாகப் படிகத் துண்டுகளையும் மரத்துண்டுகளையும் எடுத்தார். 1917 பெப்ரவரியில் லண்டன் கமரா கிளப்பில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். ‘முதல்’ என்ற பட்டத்தைக் கோபர்னுக்குக் கொடுப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் முழு மனம் இல்லை. கண்ணாடியால் உடைத்தால் எந்தப் பொருளும் அரூபமாகிவிடும். அங்கே வேலை செய்வது கண்ணாடி. கிண்ணம் கிண்ணமாகவே இருக்க, பார்ப்பவரின் கண்ணை மாற்றியதுதான் பெரிய காரியம். மான் ரே 1922 இல் பாரிஸில் கமராவையே தள்ளி வைத்துவிட்டு, சீப்பு, சாவி போன்றவற்றை ஒளியுணர் தாளின்மேல் கிடத்தி விளக்கைப் போட்டதும் இந்தக் குடும்பத்துக் கதைதான்.

இனி முகிலுக்கு வருவோம். ஸ்டீக்லிட்ஸுக்கு 58 வயதாக இருந்தபோது, அவருடைய படங்களின் வலிமை அவர் முன்னால் உட்காரும் ஆட்களிடமிருந்து வருகிறது, அவர்களை அவர் மயக்கிவிடுகிறார் என்று ஒருவர் எழுதிவிட்டார். அவருக்குச் சுருக்கென்று பட்டது. யாரையும் மயக்காமல் எடுக்கக் கூடியது எது? 1922 இல் லேக் ஜோர்ஜ் என்ற இடத்தில் இருந்த தன் குடும்ப வீட்டிலிருந்து கமராவை வானத்துக்குத் தூக்கினார். முகில் எல்லோருக்கும் பொது, அதற்கு இன்னும் வரி போடவில்லை என்பது அவருடைய நியாயம். முதல் வரிசைக்கு ‘இசை’ என்று பெயர் வைத்தார். அதில் மலை முகடும் வீட்டுக் கூரையும் ஓரத்தில் தெரியும். பின்னால் மலையும் போயிற்று, கூரையும் போயிற்று. எந்தப் பக்கத்தை மேலே பிடிப்பது என்று சொல்ல முடியாத சின்னச் சின்னப் படங்கள். 1934 வரை அவற்றை எடுத்துக்கொண்டே இருந்தார்.

இந்த ஸ்டீக்லிட்ஸின் படங்கள் நூதனசாலைக்குள் நுழைந்த கதையில் நம்முடைய பெயரொன்று வருகிறது. பொஸ்டன் நுண்கலை நூதனசாலையில் 1917 முதல் இந்தியக் கலைப் பிரிவைப் பார்த்து வந்தவர் ஆனந்த குமாரசுவாமி. ஒளிப்படத்தைக் கலையாக ஏற்று வாங்கி வைக்கும் வழக்கம் பெரிய நூதனசாலைகளில் அப்போது இல்லை. குமாரசுவாமி ஸ்டீக்லிட்ஸோடு பேசினார், நிர்வாகத்தோடும் பேசினார். 1924 இல் ஸ்டீக்லிட்ஸ் தானே தெரிந்தெடுத்த 27 படங்களை நன்கொடையாகக் கொடுக்க, நூதனசாலை அவற்றைத் தன் கலைச் சேமிப்பில் சேர்த்துக்கொண்டது. நியூயோர்க் மெட்ரொபொலிட்டன் நூதனசாலை ஸ்டீக்லிட்ஸின் படங்களை ஏற்றது அதற்கு நான்கு வருடம் கழித்து. இந்தக் கதவைத் திறந்து பிடித்தவரின் தகப்பன்வழி வேர் வடமராட்சியில், கெருடாவிலில் இருக்கிறது. அவருடைய பேரனார் குமாரசுவாமி முதலியார் அங்கிருந்து கொழும்புக்குப் போன குடும்பத்தவர். தகப்பனார் சேர் முத்துக்குமாரசுவாமி. ஆனந்தர் 1877 இல் கொழும்பில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர்தான். கெருடாவில் ஒழுங்கைகளோடு அவருக்கு என்ன பழக்கம் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். அதனால் ‘எங்கட ஆள்’ என்று மார்தட்ட நான் வரவில்லை. எனக்குச் சுவையாகப் படுவது வேறொன்று.

1903 இலிருந்து சில வருடங்கள் அவர் இலங்கையில் கனிப்பொருள் ஆய்வு வேலையில் இருந்தார். கற்களைத் தேடி ஊரூராகப் போனவர், கண்டிப் பகுதிக் கிராமங்களின் கைவினைகளில் மனதைப் பறிகொடுத்தார். கூடவே அவருடைய மனைவி எதெல், கையில் கமராவோடு. பாக்குவெட்டி, சீப்பு, வெற்றிலைப் பை, சட்டி, பானை, பூட்டு, பாய் என்று புழங்கு பொருள்களையெல்லாம் எடுத்தார். அந்தப் படங்களோடு குமாரசுவாமியின் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற பெரிய நூல் 1908 இல் 425 பிரதிகளாக அச்சாகி வெளிவந்தது. எதெலின் படங்களில் ஒரு பொருளும் தன் பெயரை இழக்காது. பாக்குவெட்டி என்றால் அதன் பிடி, கூர், சித்திரவேலை எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும். நாளைக்கு அது அழிந்து போனாலும் படத்தைப் பார்த்துச் செய்யக் கூடியதாக இருக்க வேண்டும். பொருளைக் காப்பாற்றுகிற கமரா அது. அந்த நூலின் ஆசிரியர்தான் பதினாறு வருடத்துக்குப் பிறகு ஸ்டீக்லிட்ஸின் படங்களுக்காக வாதாடினார்.

இதில் முரண் இருப்பதாகத் தோன்றலாம். குமாரசுவாமியின் பார்வையில் அப்படி இல்லை. கும்பிடுகிற சிலையும் குடிக்கிற கிண்ணமும் ஒரே அறிவிலிருந்து வருவன, நுண்கலை வேறு பயன்கலை வேறு என்று பிரிப்பது பிற்காலத்து நோய் என்று வாழ்நாள் முழுக்க எழுதியவர் அவர். உருவத்தின் ஒழுங்கு முதலில். அது சிலையாக வந்தால் என்ன, சட்டியாக வந்தால் என்ன? ஆனால் பிற்காலத்தில் நவீன ஓவியர்களின் தனிமனித வெளிப்பாட்டை அவர் கடுமையாகச் சாடினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எதெலின் கதை இன்னும் அழகு. குமாரசுவாமியைப் பிரிந்த பிறகு எதெல் மெய்ரே என்ற பெயரோடு இங்கிலாந்தில் நெசவுக்கும் சாயத்துக்கும் போய்விட்டார். தாவரச் சாயங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது 1916 இல். ஸ்ட்ராண்ட் கிண்ணத்துக்குக் கிட்டப் போன அதே ஆண்டு. கறுப்பு வெள்ளையில் பாக்குவெட்டி எடுத்த கை, இலையிலும் வேரிலும் பட்டையிலும் நிறம் காய்ச்சப் போயிற்று. ஒளிப்படமும் அந்த நேரத்தில் நிறத்தைத் தேடிக்கொண்டுதான் இருந்தது.

அந்தத் தேடலும் வீட்டுச் சாமான்களில்தான் தொடங்கியது. 1861 மே 17 அன்று லண்டன் றோயல் இன்ஸ்டிடியூஷனில் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் திரையில் காட்டிய உலகின் முதல் வண்ண ஒளிப்படத்தில் இருந்தது ஒரு கட்டம்போட்ட ஸ்கொட்லாந்து றிபன். நம்மூர்ச் சாரத்தின் கரைத்துண்டை வெட்டி முடிச்சுப் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி. தோமஸ் சட்டன் அதைச் சிவப்பு, பச்சை, நீல வடிகளுக்கு ஊடாக மூன்று தரம் எடுத்துக் கொடுத்தார். மூன்று விளக்குகளால் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் எறிந்ததும் நிறம் வந்தது. வந்திருக்கவே கூடாது என்பதுதான் வேடிக்கை. அந்தக் காலத்துத் தட்டுகளுக்குச் சிவப்பு தெரியாது. நூறு வருடத்துக்குப் பிறகு கொடக் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்துச் சொன்னார்கள்: றிபனின் சிவப்புச் சாயம் கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியையும் தெறித்திருக்கிறது, சிவப்பு வடி அதை உள்ளே விட்டிருக்கிறது, தட்டு பதிந்தது அதைத்தான். உலகின் முதல் வண்ணப்படம் பாதி அதிர்ஷ்டத்தில் நின்றது.

பிறகு கிழங்கு. பிரான்சின் லியோன் நகரத்து லூமியேர் சகோதரர்கள் 1907 இல் விற்பனைக்கு விட்ட ஓட்டோகுறோம் தட்டு, உருளைக்கிழங்கு மாவால் ஆனது. மாவை அரித்து மிக நுண்ணிய மணிகளாகப் பிரித்து, ஒரு பங்கைச் செம்மஞ்சளாகவும் ஒரு பங்கைப் பச்சையாகவும் ஒரு பங்கை ஊதாவாகவும் சாயமேற்றினார்கள். மூன்றையும் கலந்து, பசை தடவிய கண்ணாடியில் தூவி, இடுக்குகளைக் கரித்தூளால் அடைத்து, உருளையால் அழுத்தி, அதன்மேல் ஒளியுணர் பூச்சைப் பூசினார்கள். ஒரு சதுர அங்குலத்தில் ஏறத்தாழ 40 இலட்சம் மணிகள். ஒவ்வொரு மணியும் ஒரு குட்டி வடி. கண்ணாடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தோட்டமும் குடையும் மனிதரும் மெல்லிய நிறத்தில் தெரிவார்கள். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் அத்தனை பேரும் கரைந்துபோய் வெறும் நிறப்புள்ளிகள். வண்ண ஒளிப்படத்தின் அடியில் ஆரம்பத்திலிருந்தே அரூபம் கிடந்திருக்கிறது. மேலே ஒரு காட்சியைப் போர்த்தி வைத்திருந்தார்கள்.

அந்த ஆண்டு ஸ்டீக்லிட்ஸ் பாரிஸில் இருந்தார். ஓட்டோகுறோமைக் கண்டு துள்ளினார், தானும் எடுத்தார், அந்த இலையுதிர் காலத்திலேயே 291 இல் காட்டவும் செய்தார். பிறகு விட்டுவிட்டார். ஒரு தட்டுக்கு ஒரு படம்தான். பிரதி போட முடியாது, சுவரில் மாட்ட முடியாது. முகிலை எடுக்க வந்தபோது அவர் கறுப்பு வெள்ளைக்காரர். நிறமும் அரூபமும் ஒரே மனிதரின் கையால் கடந்தும் சந்திக்காமல் போயின.

இலங்கையில் இந்தப் பாதைக்கு வந்தவர் லயனல் வென்ட். கொழும்பு நாடகக்காரருக்கு அவர் ஒரு அரங்கின் பெயர். 1900 இல் பிறந்து 44 வயதில் இறந்துபோன வென்ட், சட்டம் படித்த பியானோ கலைஞர். கமரா கைக்கு வந்ததும் மான் ரேயின் வழியைத் தானாகப் பயின்றார். பாதி கழுவிய படத்தின்மேல் வெளிச்சத்தை அடித்து, உருவத்தின் கரையில் இருட்டுக் கோடு விழ வைக்கும் சோலரைசேஷன், ஒன்றின்மேல் ஒன்று ஏறும் கூட்டுப்படம் என்று அந்தக் காலத்து ஐரோப்பாவில் நடந்தவற்றையெல்லாம் கொழும்பு இருட்டறையில் செய்தார். 1938 இல் லண்டனில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தது; இடம், கோபர்ன் தன் கண்ணாடிப் படங்களை வைத்த அதே கமரா கிளப். 1943 இல் நவீன ஓவியர்கள் கூடி ‘43 குழு’வைத் தொடங்கியது அவருடைய வீட்டில். அவர் இறந்தபின் நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டன. இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் அவர் தன் கையால் போட்டு வைத்த பிரதிகள். வென்டின் உலகமும் கறுப்பு வெள்ளைதான். கொடாக்குறோம் பிலிம் 1935 இலேயே வந்துவிட்டது. அதைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் பியானோ கலைஞர், மற்றவர் வயலின் கலைஞர். ஆனால் நிறம் என்றால் விளம்பரம், பிறந்தநாள் கேக், உல்லாசப் பயணம் என்ற எண்ணம் கலைக்காரரிடம் ஊறிப்போயிருந்தது.

அந்த எண்ணத்தைச் சத்தமில்லாமல் மீறியவர் சோல் லைட்டர். ஓவியராகும் ஆசையில் 1946 இல் நியூயோர்க்குக்கு வந்தவர். காலாவதியான மலிவுப் பிலிமைப் போட்டு, தான் குடியிருந்த தெருக்களையே எடுத்தார். மழை வழியும் கண்ணாடிக்கு அப்பால் ஒரு சிவப்புக் கறை. அது குடையாக இருக்கலாம். முக்கால் படத்தை மறைக்கும் கறுப்புப் பலகை, ஓரத்தில் ஒரு மஞ்சள் கீறு, அது டாக்சி. பிரதி போடப் பணமில்லாமல் ஸ்லைட்டுகள் பெட்டிகளில் கிடந்தன. அவை நூலானது 2006 இல், அவருக்கு 80 கடந்த பிறகு. வில்லியம் எகிள்ஸ்டன் ஆரவாரத்தோடு வந்தார். 1976 இல் நியூயோர்க் நவீன கலை நூதனசாலை அவருடைய வண்ணப்படங்களை மாட்டியபோது, படுசாதாரணம் என்று பத்திரிகைக்காரர் எரிந்து விழுந்தார்கள். அவர் மிசிசிப்பியில் எடுத்த ஒரு படத்தில் இருப்பது இரத்தச் சிவப்புக் கூரை, நடுவில் ஒரு குண்டுபல்ப், அதற்குப் போகும் வெள்ளை வயர்கள். யாரோ ஒருவர் வீட்டு அறையின் முகடு. ஸ்ட்ராண்டின் கிண்ணமும் மக்ஸ்வெலின் றிபனும் ஒருவழியாக ஒரே சட்டத்துக்குள் வந்து சேர அறுபது வருடம் பிடித்திருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு மரபு ஏன் வேர்விடவில்லை என்று கேட்பவர்களுக்கு, வசதியில்லை, பிலிம் இல்லை என்று சொல்லலாம். 1990களின் முற்பாதியில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும் போட்டு ஊரே படித்த காலம். இருட்டறைச் சிவப்பு விளக்குக்கு எங்கே போவது? ஆனால் அது முழுக் காரணம் அல்ல. இங்கே ஒளிப்படத்தின் வேலை ஆளை நிரூபிப்பது. அடையாள அட்டைப் படம், பாஸ்போர்ட் படம், கலியாணப் படம், செத்தவீட்டுப் படம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வீதியோரம் வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கும் தாய்மாரின் ஊர் இது. அந்தப் படத்தில் முகம் தெளிவாக இருக்க வேண்டும், பெயர் இருக்க வேண்டும், திகதி இருக்க வேண்டும். பெயரைக் கழற்றி விளையாடும் கலையை அப்படிப்பட்ட ஊரில் யார் முதலில் தொடங்குவார்?

அதனால்தான் போலும், இங்கே அன்றாடப் பொருள் கலைக்குள் வந்தபோது வேறு வாசலால் வந்தது. யாழ். பல்கலைக்கழகத்தின் தா. சனாதனன், 2004 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடந்த ‘அகம் புறம்’ கண்காட்சிக்கு ஊராரிடமிருந்து புழங்கு பொருள்களைச் சேர்த்து வைத்தார். பின்னர் வான்கூவரில் புலம்பெயர்ந்த தமிழர் கொடுத்த சின்னச் சாமான்களைப் போத்தல்களில் இட்டு அடுக்கினார். 2011 இல் வந்த ‘முடிவுறாத தோம்பு’ நூலில், இடம்பெயர்ந்த 80 பேர் தாம் இழந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்த நிலப்படங்கள் இருக்கின்றன. வெறும் கோடும் கட்டமும்தான். கோணல்மாணலான ஒரு சதுரம். அதற்குள் கிணற்றுக்கு ஒரு வட்டம். பார்வைக்கு முழு அரூபம். வரைந்தவருக்கோ ஒவ்வொரு கோடும் ஒரு சுவர். எனக்குத் தெரிந்து யாழ்ப்பாணத்து அரூபம் இப்படித்தான் இருக்கிறது: பெயரைக் கழற்றுவது அல்ல, கழன்றுபோன பெயரைக் கோட்டால் பிடித்து வைப்பது.

ஆனால் இப்போது போன் இல்லாத பொடியன் இல்லை. நிறமும் இங்கே குறைவில்லை. குருநகர்க் கரையில் நைலோன் வலைக் குவியல்கள் பச்சையும் நீலமுமாக. வலிகாமத்துச் செம்மண்ணில் பிடுங்கிப் போட்ட வெங்காயம். கோயில் மதிலின் வெள்ளைக்கும் காவிக்கும் இடையில் மழை இழுத்த கோடு. பழைய மொரிஸ் மைனரின் கதவில் நாலு தலைமுறைப் பெயின்ற் உரிந்து தெரியும் தீவுகள். வெளிச்சம்தான் பிடிவாதமானது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாள்களில் நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது; நட்டு வைத்த தடிக்கும் நிழல் இருக்காது. நிழலோடு வேலை செய்ய விரும்புபவர் காலை எட்டு மணிக்குள்ளும் பின்னேரம் நாலரைக்குப் பிறகும் வெளிக்கிட வேண்டும். கிடுகு வேலி எஞ்சியிருக்கும் ஒழுங்கையாக இருந்தால் நல்லது. சுற்றுமதிலும் தகரமும் வந்தபிறகு அந்த வரிநிழல் குறைந்துகொண்டு வருகிறது. போனைத் தானாக நிறம் திருத்த விடக் கூடாது. பின்னேரத்து மஞ்சளை அது பிழை என்று நினைத்துத் துடைத்துவிடும்.

எங்கள் ஒழுங்கையில் உயர்தரம் படிக்கும் ஒரு பொடியன் இப்படிக் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறான். அவனுடைய நல்ல படம் என்று நான் நினைப்பது, சுழன்று சுழன்று உள்ளே இறங்கும் பழுப்பு வரிகள், ஒரு பக்கம் ஆவி பட்டுக் கறுத்தது, நடுவில் எரிகிற வெள்ளைப் புள்ளி ஒன்று. கிரகம் ஒன்றை விண்கலத்திலிருந்து எடுத்த மாதிரி. ரியூசன் வகுப்பில் ஒருவருக்கும் பிடிபடவில்லையாம். பெருமையோடு அம்மம்மாவிடம் நீட்டினான். அவ கண்ணாடியைக்கூடத் தேடவில்லை.

“உது எங்கட நீத்துப்பெட்டியெல்லே. அடியில ஓட்டை விழுந்திட்டுது, புதுசு ஒண்டு வேண்டச் சொல்லி கொம்மாவிட்டை எத்தினை நாளாச் சொல்லுறன்.”